‘நைஸ்’ என்று எழுதினால் தப்பா?

ஆங்கிலத்தில் எழுதும்போது வரும் சந்தேகங்களுக்கான பகுதி இது. சென்ற இதழில் ஒரு பதிலின் நடுவே, ‘நைஸ் என்ற சொல்லைக் கண்டாலே என் கை பென்சிலைத் தேடும்’ என்று போகிறபோக்கில் எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பாதி கேள்வி, பாதி திட்டு. அதனால் இந்த முறை முழுக்க நைஸ்தான். ஒன்று மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் பிரதி திருத்தும் மேசைக்காரி, ஆசிரியை அல்ல. எத்தனை மார்க் கிடைக்கும் என்று என்னிடம் கேட்காதீர்கள். எது அச்சில் நிற்கும், எது நிற்காது என்று கேளுங்கள், சொல்கிறேன்.

கேள்வி: என் கட்டுரையில் இருந்த ‘நைஸ்’ அத்தனையையும் பேராசிரியர் சிவப்பு மையால் சுழித்துவிட்டார். இலக்கணப்படி ஒரு பிழையும் இல்லை. பிறகு ஏன் சுழிக்க வேண்டும்?
– கல்லூரி மாணவி ஒருவர்

பதில்: இலக்கணப் பிழை இல்லைதான் அம்மா. நீங்கள் அனுப்பிய பத்தியையே எடுத்துக்கொள்வோம். புது வீட்டுக்குக் குடிபோன நாளைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். ‘தி ஹவுஸ் வாஸ் நைஸ். அவர் நெய்பர் வாஸ் எ நைஸ் லேடி. ஷீ ஸ்போக் டு அஸ் இன் எ நைஸ் வே. வீ ஹேட் எ நைஸ் ஈவ்னிங்.’

படித்து முடித்ததும் அந்த வீட்டைப் பற்றி எனக்கு என்ன தெரிந்தது? ஒன்றுமே இல்லை. உங்களுக்கு வீடு பிடித்திருந்தது என்பது மட்டும் தெரிகிறது. இந்தச் சொல்லின் சுபாவமே அப்படி. பொருளைப் பற்றி வாயைத் திறக்காது. பார்த்தவரின் மனசு லேசாகக் குளிர்ந்தது என்று சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். எழுதிய உங்களுக்கு அந்தச் சொல்லைப் பார்த்ததும் வீடு முழுக்கக் கண்முன் வந்துவிடும். வாசிப்பவருக்கு வராது. அவர்தான் அந்த வீட்டுக்குள் காலே வைத்ததில்லையே.

சரி, எப்படித் திருத்துவது? வீடு ஏன் பிடித்தது என்று உங்களையே கேட்டுப் பாருங்கள். விடை உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது: ‘எல்லா அறையிலும் ஜன்னல் இருந்தது மேடம், முன்பு இருந்த வீட்டில் பகலிலும் லைட் போட வேண்டும்’ என்று எனக்குத் தமிழில் எழுதியிருக்கிறீர்கள். அதைத்தான் ஆங்கிலத்தில் எழுத வேண்டும். ‘எவ்ரி ரூம் ஹேட் எ விண்டோ.’ அடைமொழி ஒன்றுகூட இல்லை, ஆனால் வீடு தெரிந்துவிட்டது. பக்கத்து வீட்டம்மா கேட்காமலே ஏணி கொண்டுவந்து கொடுத்தார் என்கிறீர்கள். ‘ஷீ லென்ட் அஸ் எ லேடர் பிஃபோர் வீ ஆஸ்க்ட்.’ அவர் நல்லவர் என்று நீங்கள் தனியாகச் சான்றிதழ் தர வேண்டியதே இல்லை, ஏணி சொல்லிவிடும். ‘இன் எ நைஸ் வே’ மொத்தத்தையும் தயங்காமல் எடுத்துவிடுங்கள். மெதுவாகப் பேசினாரா, சிரித்துப் பேசினாரா, பெயர் சொல்லிக் கூப்பிட்டாரா என்பதை எழுதலாம். ஒன்றும் நினைவில்லை என்றால் அந்த வாக்கியமே வேண்டாம்.

கடைசி வாக்கியத்தை மட்டும் நான் தொட மாட்டேன். ‘வீ ஹேட் எ நைஸ் ஈவ்னிங்.’ பெரிதாக எதுவும் நடக்காத, ஆனால் மனசுக்கு இதமாக இருந்த ஒரு மாலை. அதற்கு ‘வொண்டர்ஃபுல்’ என்றால் பொய். ‘ப்ளசன்ட்’ என்றால் கொஞ்சம் விறைப்பு. அந்த அளவான, சாதாரணமான இதத்துக்கு நைஸ் சரியான சொல். ஜன்னலும் ஏணியும் முன்னாடியே வந்துவிட்டதால் இங்கே அது வெறுமையாகவும் நிற்காது. உங்கள் பேராசிரியர் இதையும் சுழித்திருந்தால், என்னிடம் கேட்டால் அது கொஞ்சம் அதிகம்.

கேள்வி: சக ஊழியருக்கு ‘இட் இஸ் நைஸ் ஃபார் யூ டு ஹெல்ப் மீ’ என்று நன்றி மெயில் அனுப்பினேன். பிறகு பார்த்த மேலதிகாரி ‘ஃபார்’ அல்ல, ‘ஆஃப்’ என்றார். இவ்வளவு சின்னச் சொல்லில் என்ன வந்துவிடப் போகிறது?
– அலுவலகத்தில் பணிபுரியும் வாசகர்

பதில்: அர்த்தமே தலைகீழாகிறது. ‘நைஸ் ஆஃப் யூ’ என்றால், உதவி செய்தது உங்கள் நல்ல குணம் என்று பாராட்டுகிறீர்கள். ‘நைஸ் ஃபார் யூ’ என்றால், அந்தக் காரியம் உங்களுக்கு இன்பமாக இருக்கும் என்கிறீர்கள். நீங்கள் அனுப்பியதைப் பிரித்துப் படித்தால், ‘எனக்கு வேலை செய்து கொடுப்பது உங்களுக்கு நல்ல பொழுதுபோக்கு’ என்று வருகிறது. சக ஊழியர் நல்ல மனுஷர், சண்டைக்கு வரவில்லை.

‘ஃபார்’ சரியாக வரும் இடமும் உண்டு. ‘இட் இஸ் நைஸ் ஃபார் தி சில்ட்ரன் டு ஹேவ் எ கார்டன்.’ தோட்டம் இருப்பதன் சுகம் குழந்தைகளுக்கு. இங்கே ‘ஆஃப்’ போட்டால் தோட்டம் வைத்திருப்பது குழந்தைகளின் பெருந்தன்மை என்று ஆகிவிடும்.

மெயில் என்று வந்துவிட்டதால் இன்னும் சில. ஒருவரிடம் அன்பாக நடந்துகொண்டதைச் சொல்ல ‘நைஸ் டு’ வேண்டும். ‘ஷீ வாஸ் நைஸ் டு மீ.’ நம்மவர்கள் பலர் இங்கே ‘வித்’ போடுகிறார்கள். ‘என்னோடு நன்றாகப் பழகினார்’ என்பதில் இருக்கும் அந்த ‘ஓடு’ ஆங்கிலத்துக்குள்ளும் கூடவே வந்துவிடுகிறது.

‘யூ ஆர் நைஸ்’ என்பதும் ‘யூ ஆர் பீயிங் நைஸ்’ என்பதும் ஒன்றல்ல. முதலாவது குணத்தைச் சொல்கிறது. இரண்டாவது, இந்த நிமிஷம் நல்லபடியாக நடந்துகொள்கிறீர்கள் என்கிறது. அதைக் கேட்பவருக்கு ‘என்ன விஷயம், இன்றைக்கு இவ்வளவு அன்பு?’ என்ற சந்தேகமும் சேர்ந்து கேட்கலாம். பாராட்டாக நினைத்து இரண்டாவதை எழுதிவிடாதீர்கள்.

அப்புறம், ‘இட் வுட் பி நைஸ் இஃப் யூ ரிப்ளைட் பை மண்டே.’ ‘திங்களுக்குள் பதில் போட்டால் நன்றாக இருக்கும்’ என்று பணிவாகக் கேட்பதாக நினைத்துத்தான் இதை எழுதுகிறோம். வாசிப்பவருக்குப் பல சமயம் இது குத்தலாகத்தான் விழும், இதுவரை நீ பதிலே போடவில்லை என்கிற தொனியில். ‘குட் யூ ப்ளீஸ் ரிப்ளை பை மண்டே’ என்று நேராகக் கேட்பதே மரியாதை. ‘நைஸ் வொர்க்’ கதையும் இதுதான். நேரில் சொன்னால் முகம் பார்த்துப் புரிந்துகொள்ளலாம். காரியம் சொதப்பிய நாளில் தனியாக அந்த இரண்டு சொல் மெசேஜில் வந்தால் கிண்டல் என்றே எடுத்துக்கொள்வார்கள். நிஜமாகவே பாராட்டுவதாக இருந்தால் எந்த வேலை, எந்தப் பகுதி என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள், சந்தேகம் வராது.

கேள்வி: பூ வாசனையாக இருக்கிறது என்பதற்கு ‘ஸ்மெல்ஸ் நைஸ்’ என்பதா, ‘ஸ்மெல்ஸ் நைஸ்லி’ என்பதா? வினைக்குப் பிறகு ‘லி’ வர வேண்டும் என்றுதானே படித்தோம்?
– இல்லத்தரசி ஒருவர்

பதில்: ‘ஸ்மெல்ஸ் நைஸ்.’ இந்தக் குழப்பத்தில் பாதி நம் மொழி செய்வது. தமிழில் ‘நன்றாக இருக்கிறது’, ‘அழகாகத் தெரிகிறது’ என்று எல்லாவற்றிலும் ‘ஆக’ போட்டே பழகியிருக்கிறோம். அந்த ‘ஆக’வைப் பார்த்ததும் ஆங்கிலத்தில் கை தானாக ‘லி’ போடுகிறது.

எளிய சோதனை ஒன்று. அந்த வினையை எடுத்துவிட்டு ‘இஸ்’ போட்டுப் பாருங்கள். ‘தி ஃப்ளவர் இஸ் நைஸ்’: வாக்கியம் நிற்கிறது, பேச்சு இன்னும் பூவைப் பற்றித்தான். ஆகவே நைஸ். லுக், ஸ்மெல், ஃபீல், சவுண்ட், டேஸ்ட் எல்லாம் பெரும்பாலும் இந்த ரகம். ‘யூ லுக் நைஸ்’ என்பதுதான் சரி. ஆனால் ‘தி ஷர்ட் ஃபிட்ஸ் நைஸ்லி’ என்பதில் பேச்சு சட்டையைப் பற்றியது அல்ல, அது பொருந்திய விதத்தைப் பற்றியது. ‘ஷீ ஆஸ்க்ட் நைஸ்லி’யும் அப்படியே, கேட்ட விதம். பேச்சில் ‘ப்ளே நைஸ்’ என்று, முக்கியமாக அமெரிக்கர், சொல்வதுண்டு. பேசட்டும். எழுத்தில் ‘நைஸ்லி’ எழுதுங்கள்.

கேள்வி: ‘நைஸ் டு மீட் யூ’, ‘நைஸ் மீட்டிங் யூ’: எதை எப்போது?
– வேலை தேடும் இளைஞர்

பதில்: கை குலுக்கும்போது முதலாவது, விடைபெறும்போது இரண்டாவது. இன்டர்வியூ அறைக்குள் நுழைந்ததும் ‘நைஸ் மீட்டிங் யூ’ என்றால் கிளம்பப் போகிறீர்கள் போல இருக்கும். ஏற்கெனவே தெரிந்தவர் என்றால் ‘மீட்’ வேண்டாம் தம்பி, ‘நைஸ் டு சீ யூ’.

கேள்வி: ‘அவன் நைசாக நழுவிவிட்டான்’ என்பதை ‘ஹி எஸ்கேப்ட் நைஸ்லி’ என்று மொழிபெயர்த்தேன். நண்பர் சிரிக்கிறார்.
– சிறுகதை எழுதுபவர்

பதில்: நண்பர் சிரித்ததில் நியாயம் இருக்கிறது. நாம் இந்தச் சொல்லை வாங்கி நம் வசதிக்கு வளைத்துக்கொண்டோம். நைசாக நழுவுவது, நைசாகப் பேசிக் காரியம் சாதிப்பது, ஐஸ் வைப்பதன் தம்பியான ‘நைஸ் பண்ணுவது’, துணி நைசாக இருப்பது என்று தமிழ் நைஸுக்கு ஒரு தனிக் குடும்பமே இருக்கிறது. இவர்களில் யாரும் ஆங்கிலத்துக்குத் திரும்பிப் போக முடியாது. உங்கள் வாக்கியம் ஆங்கிலக் காதில் ‘அழகாகத் தப்பித்தான், சபாஷ்’ என்று விழுகிறது. ‘ஹி ஸ்லிப்ட் அவே’ போதும். சத்தமில்லாமல் நழுவுவது அந்த ‘ஸ்லிப்’புக்குள்ளேயே இருக்கிறது. நைசாகப் பேசிக் காரியம் சாதிப்பதற்கு ‘ஸ்வீட்-டாக்’ உண்டு. துணிக்கு ‘சாஃப்ட்’ அல்லது ‘ஸ்மூத்’, தொட்டுப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

கேள்வி: இந்தச் சொல்லுக்கு ஆதியில் ‘முட்டாள்’ என்றுதான் பொருளாமே? அப்படியானால் இனிமை என்ற பொருளில் எழுதுவதே தப்பு அல்லவா?
– ஓய்வுபெற்ற வங்கி அலுவலர்

பதில்: முதல் பாதி உண்மை சார். லத்தீனில் ‘நெஸ்கியுஸ்’ என்றால் ஒன்றும் அறியாதவர். ‘ஸ்கிரே’ என்றால் அறிதல், ‘சயின்ஸ்’ என்ற சொல்லும் அங்கிருந்து வந்ததே. முன்னால் ‘நெ’ சேர்ந்தால் அறியாமை. அது பழைய பிரெஞ்சு வழியாக 1300-ஐ ஒட்டி ஆங்கிலத்துக்குள் வந்தபோது ‘மடத்தனமான’ என்ற பொருளோடுதான் வந்தது. அதன் பிறகு அந்தச் சொல் போகாத தெரு இல்லை. ஒழுக்கம் கெட்ட, அதிகக் கூச்சமுள்ள, எதிலும் நொட்டை சொல்கிற, மிக நுணுக்கமான என்றெல்லாம் அர்த்தம் மாறி, 18-ஆம் நூற்றாண்டில்தான் ‘இனிமையான’ என்ற இன்றைய பொருளில் ஊன்றியது.

பழைய பொருளின் ருசி தெரிய வேண்டுமென்றால் 1815-க்குப் போக வேண்டும். நெப்போலியனைத் தோற்கடித்த வாட்டர்லூ போர் முடிந்த மறுநாள் பிரிட்டிஷ் தளபதி வெலிங்டன் பிரபு, தானும் பிரஷ்யத் தளபதி ப்ளூஷரும் 30,000 பேரை இழந்துவிட்டதாகச் சொல்லி, அந்தப் போரை ‘எ டாம்ட் நைஸ் திங்’ என்கிறார். தாமஸ் க்ரீவி என்பவர் இதைக் குறித்துவைத்திருக்கிறார். 30,000 பேர் விழுந்த போர் நைஸா? வெலிங்டன் சொன்னது ‘மயிரிழையில் தப்பிய காரியம்’ என்ற பொருளில். தராசு எந்தப் பக்கம் வேண்டுமானாலும் சாய்ந்திருக்கலாம் என்கிறார். இன்று இந்த மேற்கோளைப் பலரும் ‘க்ளோஸ்-ரன் திங்’ என்று மாற்றிச் சொல்கிறார்கள். அடுத்த வாக்கியத் துண்டில் அவரே ‘நியரஸ்ட் ரன் திங்’ என்று சொல்கிறார், அதோடு குழம்பியதாக இருக்கலாம். ‘நைஸ்’ என்பதை அப்படியே விட்டால் வாசகர் முகம் சுளிப்பார் என்பதும் ஒரு காரணம் என்று எனக்குப் படுகிறது.

இதே காலத்தில் புதுப்பொருள் எவ்வளவு பரவியிருந்தது என்பதற்கும் ஆதாரம் இருக்கிறது. 1817 டிசம்பரில் வெளிவந்த ஜேன் ஆஸ்டினின் ‘நார்த்தாங்கர் அபே’யில், கதாநாயகி ஒரு நாவலை உலகத்திலேயே நைஸான புத்தகம் என்கிறாள். உடனே கதாநாயகன் ஹென்றி டில்னி, அது பைண்டிங்கைப் பொறுத்தது என்று காலை வாருகிறான். நைஸ் என்றால் நேர்த்தி என்று எடுத்துக்கொண்டது போல நடிப்பு. எல்லாவற்றுக்கும் பொருந்தும் சொல்லாக இது ஆகிவிட்டது என்ற அவன் கேலி இன்றைக்கும் என் மேசைக்குப் பொருந்துகிறது. ஆனால் கவனியுங்கள், அவள் கேட்பதில் உற்சாகம் இருக்கிறது, அவன் பதிலில் வெறும் அலட்டல். அவனுடைய தங்கையே அவனைக் கண்டிக்கிறாள்.

1926-இல் ஃபௌலர் தம் ஆங்கில வழக்கு அகராதியில், பெண்களுக்கு மிகவும் பிடித்துப்போனதால்தான் இந்தச் சொல் தன் தனித்தன்மையை இழந்தது என்று பழி போட்டார். என் மேசைக்கு வரும் நைஸ்களில் முக்கால்வாசி ஆண்கள் எழுதியது. ஃபௌலர் இருந்தால் காட்டியிருப்பேன்.

உங்கள் கேள்வியின் இரண்டாம் பாதிக்கு வருகிறேன். ஆதிப் பொருள்தான் சரியான பொருள் என்று பிடித்தால் பாதி அகராதியைத் தூக்கி எறிய வேண்டும். இன்று எல்லாரும் எதைப் புரிந்துகொள்கிறார்களோ அதுவே பொருள். ஆனால் ‘நுணுக்கமான’ என்ற பழைய பொருள் இன்னும் முழுதாகச் சாகவில்லை. ‘எ நைஸ் டிஸ்டிங்ஷன்’ என்று ஒரு கட்டுரையில் பார்த்தால் அது அழகான வேறுபாடு அல்ல, மெல்லிய வேறுபாடு. சட்டக் கட்டுரைகளில் ‘எ நைஸ் பாயின்ட்’ வருவதும் அப்படித்தான், எளிதில் தீர்த்துவிட முடியாத நுட்பமான பிரச்சினை. ‘நைசிட்டி’ என்ற பெயர்ச்சொல்லிலும் அந்த வாசம் இருக்கிறது. வாசிக்கும்போது இதைத் தெரிந்து வைத்திருங்கள். நீங்களாக எழுதும்போது பொது வாசகருக்கு ‘ஃபைன் டிஸ்டிங்ஷன்’ என்று எழுதிவிடுவது நல்லது.

கேள்வி: ‘தி ரூம் வாஸ் நைஸ் அண்ட் வார்ம்’ என்கிறார்களே, அறை நைஸாகவும் இருந்தது, வெதுவெதுப்பாகவும் இருந்தது என்றா?
– பெயர் வேண்டாம் என்ற வாசகி

பதில்: இல்லை. இரண்டும் சேர்ந்து ஒரே சங்கதி: இதமான அளவுக்கு வெதுவெதுப்பு. ‘அண்ட்’ இங்கே இரண்டு குணங்களைக் கூட்டவில்லை, முன்னது பின்னதற்கு அளவு சொல்கிறது. ஆனால் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும்போது பொதுவாக அந்த ‘அண்ட்’ போய்விடும்: ‘எ நைஸ் வார்ம் ரூம்.’ அடைமொழிகள் வரிசையாக வந்தால் நைஸ்தான் முன்னால் நிற்க வேண்டும், ஏனென்றால் அது அபிப்பிராயம். அளவு, வயது, நிறம், செய்பொருள் எல்லாம் பின்னால். ‘எ நைஸ் ஓல்ட் வுடன் சேர்.’ இதைப் புரட்டி ‘எ வுடன் ஓல்ட் நைஸ் சேர்’ என்றால் நாற்காலி ஆடும். ஒப்பிடும்போது நைசர், நைசஸ்ட். ‘மோர் நைஸ்’ வேண்டாம்.

கேள்வி: கம்ப்யூட்டரில்கூட ‘நைஸ்’ என்று ஒரு கட்டளை உண்டு, தெரியுமா?
– மென்பொருள் பொறியாளர்

பதில்: தெரியும். யூனிக்ஸ் குடும்ப இயங்குதளங்களில் ஒரு நிரல் மற்ற நிரல்களுக்கு எவ்வளவு வழிவிட வேண்டும் என்று சொல்லும் கட்டளை. லினக்ஸில் –20 முதல் 19 வரை எண் உண்டு. எண் கூடக் கூட நிரல் நைஸாகிறது, அதாவது பிறருக்கு வழிவிட்டுப் பின்னால் நிற்கிறது. நைஸாக இருப்பவர்கள் பின்னால் நிற்க வேண்டியிருப்பது உங்கள் துறையிலும் அப்படித்தான் போலிருக்கிறது.

கேள்வி: பிரான்ஸிலுள்ள கடற்கரை நகரத்துக்கும் இதே எழுத்துகள்தானே?
– மாணவர்

பதில்: ஆமாம், ஆனால் உச்சரிப்பு ‘நீஸ்’. முதல் எழுத்து பெரிய எழுத்து. வாக்கியத் தொடக்கத்தில் வந்தால் எந்தச் சொல்லுக்கும் பெரிய எழுத்துதான், ஊரா நைஸா என்று தெரியாது; இடம் மாற்றி எழுதுங்கள்.

கேள்வி: நைஸுக்குப் பதிலாகப் போட ஒரு பட்டியல் கொடுங்களேன். வெட்டி ஒட்டி வைத்துக்கொள்கிறேன்.
– போட்டித் தேர்வு எழுதுபவர்

பதில்: கொடுக்க மாட்டேன். பட்டியலை வைத்துக்கொண்டு நைஸ் இருந்த இடத்தில் ‘டிலைட்ஃபுல்’ போட்டால், பழைய காலியிடத்தில் பெரிய பலகை மாட்டியதுதான் மிச்சம். தேர்வுத்தாளில் ‘லவ்லி’, ‘அமேசிங்’, ‘வொண்டர்ஃபுல்’ என்று அடுக்குகிறவர்களைவிட ‘நைஸ்’ என்று அடக்கமாக எழுதியவரை நான் மன்னித்துவிடுவேன். சினிமா பிடித்ததா? எந்தக் காட்சி என்று எழுதுங்கள். ஆசிரியர் நல்லவரா? மணி அடித்த பிறகும் நின்று சந்தேகம் தீர்த்தார் என்று எழுதுங்கள். அதை எழுதிய பிறகு அடைமொழி தேவைப்பட்டால் அது தானாக வரும், பட்டியலில் தேட வேண்டாம்.

கேள்வி: ஆங்கிலத்தில் நாவல் எழுதி முடித்திருக்கிறேன். எடிட்டர் எல்லா ‘நைஸ்’களையும் நீக்கச் சொல்கிறார், உரையாடலில் வருவதையும் சேர்த்து. ஒரு காட்சியில், பெண் பார்த்துவிட்டு வந்த மகனிடம் அம்மா ‘பெண் எப்படி?’ என்கிறாள். அவன், ‘ஷீ இஸ் நைஸ்’ என்கிறான். அதையும் நீக்கவா?
– புதிய எழுத்தாளர்

பதில்: அதை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். மகன் ‘அழகி’ என்று சொல்லவில்லை, ‘பிடித்திருக்கிறது’ என்றும் சொல்லவில்லை. அவன் பிடிகொடுக்காமல் பதில் சொல்கிறான் என்பது அந்த ஒரு சொல்லில் இருக்கிறது. அம்மாவுக்கும் அது புரியும், வாசகருக்கும் புரியும். வேறு எந்தச் சொல் போட்டாலும் அவன் ஒரு பக்கம் சாய்ந்துவிடுவான். பாத்திரங்கள் நைஸ் என்று பேசட்டும், மனிதர்கள் அப்படித்தான் பேசுகிறார்கள். நீங்கள் அனுப்பிய அத்தியாயத்தில் கதைசொல்லி சொல்வதாக ‘நைஸ் ப்ரீஸ்’, ‘நைஸ் ஸ்மைல்’, ‘நைஸ் லிட்டில் டவுன்’ என்று மூன்று இருக்கின்றன. காற்றையும் ஊரையும் எடிட்டரிடம் கொடுத்துவிடுங்கள். சிரிப்பை நீங்களே அடித்துவிட்டு, அவள் எப்படிச் சிரித்தாள் என்று எழுதி அவருக்கு அனுப்புங்கள்.